கடைசிப் பதினாறு பக்கங்கள்

சிவகாசி
18 ஜூன் 2025

முத்துச்செல்வி அக்காவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், சொல்ல வந்தது அப்படியே நிற்கும். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் பாகத்தின் மறுபதிப்புக்கு நீங்கள் கேட்ட அட்டை மாதிரிகளோடு இதையும் பார்சலில் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியாவைக் காணவில்லை. டியூஷன் என்று சொல்லிச் சைக்கிளில் போனவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் பஸ் ஸ்டாண்டு, அவள் சிநேகிதி வீடு, கோயில் என்று அலைந்துகொண்டிருந்தபோது, ஆனைக்குட்டம் அணைப் பக்கம் ஆடு மேய்க்கும் சங்கையா என்பவர் அவளை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அச்சகத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது. கையில், கரண்ட் போனால் அடுப்படியில் வைக்கும் சார்ஜ் லைட்டு. தண்ணீர் போகாமல் பாலித்தீன் பையில் கட்டியிருந்தாள்.

அணைத் தண்ணீருக்குள் இறங்கி நின்றிருக்கிறாள். சங்கையா கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து, நீங்கதான் காவல்காரரா என்று கேட்டிருக்கிறாள். "நா ஆட்டுக்குத்தான் காவல் தாயி, மேல ஏறி வான்னேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காவல்காரர் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் மூன்று பாகத்தையும் அச்சடித்தவன் நான்.

உங்கள் கதையில் செம்பி என்ற பெண், காணாமல்போன தன் அம்மாவைத் தேடி அணைக்கு அடியில், காவல்காரர் ஒருவர் வாசல் காக்கும் நாட்டுக்கு விளக்கோடு இறங்குகிறாள். மூன்றாம் பாகம் முடியும்போது கடைசிப் படியில் நிற்கிறாள், அம்மா கூப்பிடும் சத்தம் கேட்கிறது. அங்கே நிறுத்திவிட்டீர்கள். அனுவுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய அம்மா, என் ஜோதி, போய் நாலு வருஷம். நீங்கள் அதை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?

இந்தக் கதையை ஆரம்பித்ததே நீங்கள்தான். ஊரடங்கில் வர முடியவில்லை என்று தினமும் சாயங்காலம் போனில் அவளுக்குக் கதை சொன்னீர்கள். ஜோதியின் பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. கதை மட்டும் வந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். நாலாம் பாகத்தில் அந்த அம்மாவைக் கரையேற்றுங்கள். கதையிலாவது ஒருத்தி வீடு வந்து சேரட்டும். அது முடிந்தால் இவள் தேடுவதும் முடியும். முடியாதென்றால் நாலாம் பாகமே வேண்டாம். என் மெஷினில் அது ஏறாது.

செந்தூர்பாண்டி


சென்னை
26 ஜூன் 2025

அன்புள்ள பாண்டி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே ரயிலுக்கு டிக்கெட் பார்த்தேன். பிறகு, நான் வந்தால் அனு என்னிடம் முதலில் என்ன கேட்பாள் என்று நினைத்தேன். டிக்கெட் எடுக்கவில்லை.

அந்த அம்மாவை என்னால் கரையேற்ற முடியாது. பிடிவாதம் என்று நினைக்காதே. செம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நான் எழுதினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனு எங்கே இருப்பாள்? தேடினால் கிடைக்கும் என்று அச்சில் போட்டுக் கொடுத்த பிறகு, நீயும் நானும் எந்த முகத்தோடு அவளை அணைக்குப் போகாதே என்று சொல்வது?

இந்த வயதுப் பிள்ளைகள் எனக்கு எழுதுகிறார்கள். பூதம், பறக்கும் மீன், வாள் இதெல்லாம் நமக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: செம்பி வீட்டை விட்டுப் போனபோது கதவை யார் பூட்டினார்கள்? வேறொரு பையன், செம்பிக்குப் பசிக்கும்போது யாரிடம் சொல்வாள் என்று கேட்டான். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியாது என்று கண்டுபிடிக்கிற வயது அது. கதையில் பெரியவர்கள் பின்னால் நின்றுவிடுகிறார்கள், விளக்கு பிள்ளையின் கைக்கு வருகிறது. பயமாக இருக்கும். ஆனால் புத்தகத்தில் இருக்கும் பயத்துக்கு ஒரு அட்டை உண்டு, மூடிவைக்கலாம். வீட்டில் இருக்கும் பயத்துக்கு அட்டை கிடையாது.

நான் வராததைச் சொல்லிக் காட்டினாய். ஊரடங்கில் செங்கல்பட்டைத் தாண்டப் போலீஸ் விடவில்லை என்று அன்றே சொன்னேன். அதை நீ நம்பவில்லை என்பது இப்போது தெரிகிறது.

உன்னிடம் எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. போன பொங்கலுக்கு வந்தபோது உன் வீட்டில் ஜோதியின் படம் எங்கேயும் இல்லை. நான் இருந்த மூன்று நாளும் நீ அவள் பெயரைச் சொல்லவில்லை. அனு புத்தகத்திடம் கேட்கிறாள் என்றால் வேறு யாரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். உன்னிடம் அவள் என்ன கேட்கிறாள்?

அக்கா


சிவகாசி
9 ஜூலை 2025

அக்காவுக்கு,

படத்தை நான் எடுக்கவில்லை. மாலை போட்டு மாட்டியிருந்தேன். அனு ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவிட்டாள், கண்ணாடி உடைந்தது. உயிரோடு இருக்கிறவங்களுக்கு மாலை போடக்கூடாது என்றாள். அதற்குப் பிறகு நான் மாட்டவில்லை.

அவள் என்ன கேட்கிறாள் என்று கேட்டீர்கள். ஒரே கேள்விதான், நாலு வருஷமாக. "அப்பா, நீங்க பாத்தீகளா?"

உங்களிடமும் நான் சொன்னதில்லை. மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு ஷெட்டில் எங்களை நிறுத்திவைத்திருந்தார்கள். கவச உடை போட்ட ஒருவர் வந்து பெயர்களைப் படித்தார். நாகஜோதி என்றதும் நான் கையைத் தூக்கினேன். உருட்டிக்கொண்டு வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை சுற்றி, டேப் ஒட்டியிருந்தது. முகத்தை மட்டும் என்றேன். அதற்கு அனுமதியில்லை என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கும் களைப்பு. அங்கேயிருந்து நேராக மயானம். வேனுக்குப் பின்னால் நான் பைக்கில் போனேன்.

ஆக, நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் பொய். பார்க்கவில்லை என்று சொன்னால் அனு மறுநாளே அணைக்குப் போவாள். அதனால் அவள் கேட்கும்போதெல்லாம் சாப்பிட்டியா என்று கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜோதிக்கு ஒரு பழக்கம் இருந்தது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தினசரி காலண்டர் தாள்களுக்குப் பிழை பார்ப்பது அவள்தான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒரு தேதி விடுபட்டுவிடக்கூடாது என்று ஒவ்வொரு தாளையும் புரட்டும் முன் ஓரத்தில் லேசாக ஊதுவாள். பிறகு எதைப் படித்தாலும் அப்படித்தான். வாரப் பத்திரிகை, அனுவின் பாடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை.

நம் ஆஃப்செட் மெஷினும் அப்படித்தான். தாளைப் பிரித்து எடுக்க ஓரத்தில் காற்றை ஊதும். மெஷின் ஓடும்போது அந்தச் சத்தம் கேட்காது, மற்ற சத்தம் அமுக்கிவிடும். சாப்பாட்டு நேரத்தில் நிறுத்துகிறோம் பாருங்கள், அப்போது கேட்கிறது. மெஷின் நின்ற பிறகு. ஆட்களைக் கேட்டேன், அவர்களுக்குக் கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். காற்றுக் குழாயில் எதுவும் இல்லை அண்ணாச்சி என்று கழற்றிக் காட்டிவிட்டுப் போனான்.

அதனால் அனுவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எழுதுங்கள். உங்கள் இஷ்டப்படி முடியுங்கள். அச்சடித்துத் தருகிறேன்.

பாண்டி


சென்னை
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாண்டி,

கையெழுத்துப் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். டைப் செய்த கோப்பைப் பதிப்பாளர் உனக்கு நேரடியாக அனுப்புவார்.

உன் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் ஆனது. மயானத்துக்கு நீ தனியாகப் பைக்கில் போனாய் என்பது எனக்குத் தெரியாது. யாராவது உன்னோடு இருந்திருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவை நீ முதலில் தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீருக்கு அடியில் செம்பி அம்மாவைக் கண்டுபிடிக்கிறாள். அந்த நாட்டில் இருப்பவர்களுக்குப் பழைய ஞாபகம் இருக்காது என்பது முதல் பாகத்திலேயே சொன்ன விதி. அம்மா செம்பியைப் பார்த்து, நல்லா வளந்திருக்கியே, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறாள். செம்பி பதில் சொல்லவில்லை. கொண்டுபோன விளக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இருட்டில் படியேறுகிறாள். பாதிப் படியில், விளக்கு இல்லாமலே தனக்குப் படி தெரிகிறது என்று கவனிக்கிறாள். அவ்வளவுதான்.

அம்மா கூடவே வருகிற மாதிரியும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். உனக்காகத்தான். அவள் கரையேறிய பிறகு எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. வீட்டுக்கு வந்து என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. கிழித்துவிட்டேன்.

நீ இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கு இடிக்கிறது. அனுவிடம் புத்தகத்தைக் கொடுக்கும் முன் எனக்குச் சொல். நான் வருகிறேன். அவள் படிக்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

அக்கா


சிவகாசி
2 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

புரூஃப் முழுவதும் இதில் இருக்கிறது. பதின்மூன்று ஃபாரம், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். சீக்கிரம் பார்த்து அனுப்புங்கள். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டாயிற்று, ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. பிறகு மெஷின் கிடைக்காது.

அனுவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருக்கிறது. கூட்டும்போது பார்த்தேன். சார்ஜ் லைட்டு, மாற்றுத் துணி, ஜோதியின் கத்தரிப்பூச் சேலை ஒன்று. அந்தச் சேலை யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாலாம் பாகம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமாம். பக்கத்து வீட்டு கீர்த்திகாவிடம் சொல்லியிருக்கிறாள்.

நாரணாபுரம் பக்கம் தினமும் மத்தியானம் வெடி போட்டுப் பார்க்கிறார்கள், சீசன் அல்லவா. வீட்டு ஜன்னல் அதிர்கிறது. அனு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை. வீட்டை ஒட்டிய மெஷின் ரூமில் யாராவது மெதுவாகப் பேசினால் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள்.

நீங்கள் வர வேண்டாம். நானே கொடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். செம்பியின் ஊரில் பெண்கள் என்ன சேலை கட்டுவார்கள்? முந்தின பாகங்களில் எங்காவது சொல்லியிருக்கிறீர்களா? தேடினேன், கிடைக்கவில்லை.

பாண்டி


சென்னை
9 அக்டோபர் 2025

பாண்டி,

விருதுநகரிலிருந்து சபரிநாதன் என்ற எட்டாம் வகுப்புப் பையன் எழுதியிருக்கிறான். அவன் வகுப்பில் நாலாம் பாகத்தைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்களாம். ஒரு கட்சிக்குச் செம்பியின் அம்மா வரவில்லை, இன்னொரு கட்சிக்கு வந்துவிட்டாள். தன் புத்தகத்தில் அம்மா வருகிறாள், சிநேகிதன் புத்தகத்தில் வரவில்லை, எது நிஜம், டீச்சரும் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறான். அந்த டீச்சர் கடைசிப் பதினாறு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

என் பெயர் போட்ட அட்டைக்குள் என் கதை இல்லை. இருபது வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தேன். யாரும் எனக்கு இதைச் செய்ததில்லை. என் தம்பி செய்திருக்கிறான்.

எத்தனை புத்தகம் இப்படிப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். பதிப்பாளர் கேட்கிறார். அனுவுக்கு எது போனது என்று அதைவிட முதலில் தெரிய வேண்டும். மூன்று நாளாகப் போன் செய்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறாய். அவள் வீட்டில் இருக்கிறாளா, அதை மட்டுமாவது சொல்.

கோபத்தில் அந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் படித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். செம்பியின் அம்மா கத்தரிப்பூச் சேலையில் ஈரத்தோடு வாசலுக்கு வருகிறாள். வந்ததும் "சாப்பிட்டீகளா?" என்கிறாள். அவள் புருஷன் கையிலிருக்கும் மையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறாள். ரசத்துக்குப் புளி கரைக்கும்போது பாட்டை முதல் வரியிலேயே விட்டுவிட்டு வேறு பாட்டுக்குப் போகிறாள். செம்பியின் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு தாளையும் ஊதிப் புரட்டுகிறாள்.

செம்பியின் ஊரில் அச்சகமே கிடையாது, பாண்டி. புத்தகமும் கிடையாது.

இன்னொன்றையும் கவனித்தேன். பதினாறு பக்கத்தில் அவளுடைய கை இருக்கிறது, குரல் இருக்கிறது, சேலை இருக்கிறது. ஓரிடத்தில்கூட முகம் இல்லை.

உடனே பதில் எழுது.

அக்கா


சிவகாசி
24 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

அனு வீட்டில்தான் இருக்கிறாள். நீங்கள் அவளுக்குப் போன் செய்ததையும், அவள் நல்லா இருக்கேன் அத்தை என்று மட்டும் சொன்னதையும் சொன்னாள். மற்றதை நான் எழுத வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு புத்தகம்தான் மாற்ற நினைத்தேன். அனுவுக்கு மட்டும். கடைசி ஃபாரத்தை நானே எழுதி, அதே பக்க எண் வரும்படி தட்டச்சு செய்து, தனியாகப் பிளேட் போட்டேன். அம்மா தானாக வந்துவிட்டாள் என்று இருந்தால் இவள் அணைக்குப் போக வேண்டியதில்லை, சேலையைப் பீரோவில் வைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஆஃப்செட்டில் ஒரே ஒரு தாள் அடிக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். மையும் தண்ணீரும் சமனாகி ஒரு நல்ல தாள் விழுவதற்குள் நூறு, நூற்றைம்பது தாள் ஓடிவிடும். எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். மீதியைக் கழிவில் போடக் கை வரவில்லை. வழக்கமாக அது வெடிக்குக் குழாய் சுற்றத்தான் போகும். ஜோதி இருக்கிற தாளை எப்படி அதற்குப் போடுவது? ஓரமாக அடுக்கிவைத்தேன். காலண்டர் அவசரத்தில் பைண்டிங் ஆட்கள் அதையும் நல்ல ஃபாரம் என்று எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். பக்க எண் சரியாக இருந்தது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். யார் திருப்பிக் கொடுத்தாலும் சரியான புத்தகம் என் செலவில் போகும்.

அனுவுக்கு நான் கட்டிய புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு நாளில் படித்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தேன்.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரம், மெஷினை நிறுத்தியிருந்தோம். அனு இரண்டு புத்தகத்தோடு உள்ளே வந்தாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று கீர்த்திகாவினுடையது. தாள் கட்டின் மேல் இரண்டையும் கடைசி ஃபாரத்தில் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது அத்தை எழுதல. அத்தைக்கு அம்மா ஊதுறது தெரியாது."

நான் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"நீங்க எழுதினீகளா?"

ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எதையோ தேடுகிறாள் என்று புரிந்தது. கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலுக்கு வந்தாள்.

"அம்மா மூஞ்சி எங்கப்பா?"

சாப்பிட்டியா என்று கேட்கத்தான் வாய் போனது. அவள் யூனிஃபார்மோடு நின்றிருந்தாள். என் நெஞ்சுவரை வளர்ந்திருக்கிறாள் அக்கா, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"நா பாக்கல அனு. காட்ட மாட்டேன்னுட்டாக."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தேன். அவள் சைக்கிளை எடுத்தால் பின்னால் ஓட வேண்டும் என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நகரவில்லை. எந்த ஷெட், யார் படித்தார்கள், பெயரைச் சரியாகப் படித்தார்களா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். டேப் என்ன கலர் என்று கேட்டாள், அதையும் சொன்னேன். வேனுக்குப் பின்னால் பைக்கில் யார் யார் போனீர்கள் என்று கேட்டாள். நான் மட்டும் என்றேன்.

"என்னைய ஏன் கூட்டிட்டுப் போகல?"

அப்போது உனக்கு ஒன்பது வயசு என்றேன். செம்பிக்கும் ஒன்பதுதான் என்றாள். அழுதாள். அம்மா போனதிலிருந்து நான் பார்த்து அவள் அழுதது அன்றைக்குத்தான். பஞ்சம்மாள் பைண்டிங்கிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்களை இன்னும் கொஞ்சம் கழித்து வரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத்தையோடதுதான்ப்பா கதை. இதுல இருக்கது அம்மா."

இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். கீர்த்திகாவுக்கு வேறு ஒன்று கொடுக்கச் சொன்னாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். பை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் கரண்ட் போனபோது அவளே அதிலிருந்து சார்ஜ் லைட்டை எடுத்து அடுப்படியில் வைத்தாள், திரும்ப எடுத்துவைக்கவில்லை. சேலை பையில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை. சாப்பிடும்போது என்னிடம் கேட்கிறாள்: வேற என்ன செய்வாங்க? ரசத்துப் பாட்டு என்ன பாட்டு? தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். நீங்கள் வந்தால் உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து டிக்கெட் எடுக்காமல் இருக்காதீர்கள். செங்கல்பட்டை நான் நம்புகிறேன்.

நேற்று மெஷினைத் துடைத்துவிட்டு ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மெயின் சுவிட்சை அணைத்தேன். பூட்டப் போகும்போது அந்தச் சத்தம் கேட்டது. ஊதுகிற சத்தம். சிறிய இடைவெளி, பிறகு மறுபடி. நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில்தான் நின்றேன். இந்தத் தடவை சத்தம் மெஷின் பக்கம் இல்லை, தாள் அடுக்கியிருக்கும் பக்கம். போய்ப் பார்த்தேன்.

அனு ஜன்னல் வெளிச்சத்தில் தாள் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து உங்கள் முதல் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் ஓரத்தில் லேசாக ஊதினாள், புரட்டினாள். நான் நிற்பதை அவள் கவனிக்கவில்லை. தான் ஊதுவதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. முகம் நன்றாகத் தெரிந்தது.

பாண்டி